ஒரு புள்ளியின் விலை: வீடியோ விளையாட்டு விமர்சனத்தின் நாற்பதாண்டுகள்

கலை வடிவங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் படைப்பாளிகளைப் பற்றியே எழுதுகின்றனர். அப்படைப்புக்களை மதிப்பிட்டு எழுதியவர்களின் வரலாறு ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. வீடியோ விளையாட்டுக்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அரை நூற்றாண்டு காலத்தில் திரைப்படத்துக்கே சவால் விடுமளவுக்கு வளர்ந்துவிட்ட இத்துறையில், ஒரு விளையாட்டு நல்லதா இல்லையா என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி ஆரம்பம் முதலே இருந்து வந்திருக்கிறது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவோர் இருக்கலாம். ஆனால் எழுதுபவருக்கும் விளம்பரதாரருக்கும் இடையிலான இழுபறி என்று பார்த்தால், இது பத்திரிகைத் தொழிலின் வரலாறும் ஆகும்.

விற்பவரே நீதிபதி

அமெரிக்காவில் பில் குன்கெல், ஆர்னி கட்ஸ், ஜொய்ஸ் வோர்லி ஆகிய மூவரும் 1981இல் 'இலெக்ட்ரோனிக் கேம்ஸ்' என்ற சஞ்சிகையை ஆரம்பித்தனர். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவில் 'கம்பியூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வெளிவந்தது. காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னர் ஒரு விளையாட்டைப் பற்றி அறிந்துகொள்ள வாசகருக்கு வழி பிறந்தது இத்தகைய சஞ்சிகைகளினால்தான்.

அந்த வழி எவ்வளவு அவசியமானது என்பதை மறு ஆண்டே காட்டியது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் திரைப்படத்தைத் தழுவி, ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் அவசரமாக உருவாக்கப்பட்ட 'ஈ.ரி.' விளையாட்டை அட்டாரி நிறுவனம் 1982 டிசெம்பரில் சந்தைக்கு விட்டது. படத்தின் பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தனர். விற்காத பிரதிகள் 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் குப்பை மேட்டில் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அவ்விடம் தோண்டப்பட்டபோது அப்பிரதிகள் வெளியே வந்தன. 1983இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்ததற்குக் காரணங்கள் பல. தரமற்ற விளையாட்டுக்கள் கடைகளில் வந்து குவிந்ததும் அவற்றில் ஒன்று.

சரிந்த சந்தையை மீட்டெடுத்த யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, 1988இல் தனது சொந்தச் சஞ்சிகையான 'நின்டெண்டோ பவர்' இதழை அமெரிக்காவில் தொடங்கியது. செய்பவரும் விற்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரேயான நிலை அது. யப்பானிலோ 1986இல் பிறந்த 'ஃபமிட்சு' சஞ்சிகை வேறொரு முறையைக் கைக்கொண்டது. நால்வர் தனித்தனியே பத்துக்குப் புள்ளியிட, மொத்தம் நாற்பது. அந்த நாற்பதையும் முதன்முதலில் பெற்றது 1998இல் வெளிவந்த 'செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்'. சொற்களை விடப் புள்ளிகள் பேசத் தொடங்கிய காலம் இதுவெனலாம்.

பத்துக்கு ஆறு

2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற துப்பாக்கிச் சமர் விளையாட்டு வெளிவந்தது. 'கேம்ஸ்பொட்' இணையத்தளத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஜெஃப் கேர்ஸ்ட்மன் அதற்குப் பத்துக்கு ஆறு புள்ளிகளை வழங்கினார். அவ்வேளை அத்தளத்தின் முகப்பை நிறைத்திருந்தவை அதே விளையாட்டின் விளம்பரங்கள். அம்மாத இறுதியில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தம் இதற்குக் காரணமல்ல என நிறுவனம் மறுத்தது. வாசகர்கள் அதனை நம்பவில்லை. சக ஊழியர்கள் சிலர் அடுத்தடுத்து விலகினர். கேர்ஸ்ட்மன் 2008இல் 'ஜயன்ட் பொம்' என்ற புதிய தளத்தை உருவாக்கினார்.

பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் நீங்கியதன் பின்னர், 2012இல் அவரே நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார். ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுக்களுக்கு வழங்கப்பட்ட குறைந்த புள்ளிகளையிட்டு வெளியீட்டாளர்கள் கொடுத்த நெருக்குதலை நிர்வாகத்தினால் தாங்க முடியவில்லை என்பதே அதன் சாரம்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பத்திரிகைப் பணிமனைகளில் வேலை செய்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது. முழுப் பக்க விளம்பரம் தருபவரைப் பற்றிய பாதகமான செய்தி எவ்வாறு ஐந்து வரியாகச் சுருங்கி உள்பக்கத்துக்குப் போகும் என்பதை அவர்கள் அறிவர். கேர்ஸ்ட்மனின் கதையில் வேறுபாடு என்னவெனில், வாசகர்கள் எழுதியவரின் பக்கம் நின்றார்கள் என்பதுதான்.

வெட்டுப்புள்ளி

2001 ஜனவரியில் ஆரம்பிக்கப்பட்ட 'மெட்டாகிரிட்டிக்' தளம், பல இடங்களில் வெளியாகும் விமர்சனங்களின் புள்ளிகளைத் திரட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று சராசரி காட்டியது. எந்த வெளியீட்டுக்கு எவ்வளவு நிறை கொடுக்கப்படுகிறது என்பதை அது வெளியிடுவதில்லை. இருந்தும் இந்த எண் வாசகரின் கையிலிருந்து முதலாளிகளின் கைக்குப் போயிற்று.

2010 ஒக்டோபரில் வெளிவந்த 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' கதாபாத்திர விளையாட்டு வகையில் இன்றுவரை போற்றப்படும் ஒன்று. அதனை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு 85 புள்ளிகள் கிடைத்தால் மட்டுமே மேலதிகக் கொடுப்பனவு என்பது ஏற்பாடு. கிடைத்ததோ 84. இதனை அதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012இல் வெளிப்படுத்தினார். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்து பல்கலைக்கழகம் தவறியவர்களைத் தம் வீட்டிலேயே கண்ட எமது வாசகர்களுக்கு இதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. விமர்சகர் ஒருவர் 'நன்று, ஆனால் பிழைகள் மலிந்தது' என்று நேர்மையாக எழுதிய வாக்கியம், எங்கோ ஒரு தொழிலாளியின் ஊதியத்தை வெட்டும் கத்தியாக மாறியது. பிழை வாக்கியத்தில் இல்லை. அதனை எண்ணாக உருக்கிய முறையிலேயே இருக்கிறது.

இதனை உணர்ந்தே 2015இல் பிரித்தானியாவின் 'யூரோகேமர்' தளம் புள்ளியிடுவதைக் கைவிட்டது. ஆனால் சில ஆண்டுகளின் பின்னர் நட்சத்திரக் குறியீடுகளாக அது திரும்பி வந்தது. எண்ணின் கவர்ச்சி அத்தகையது.

சொல்லால் மட்டுமே முடிவது

வீடியோ விளையாட்டுக்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று புகழ்பெற்ற திரைப்பட விமர்சகர் ரொஜர் ஈபேர்ட் 2010 ஏப்ரலில் எழுதினார். எதிர்ப்புக்கள் குவிந்தன. விளையாடிப் பார்க்காத ஒன்றைப் பற்றித் தான் கருத்துக் கூறியிருக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் அவர் ஏற்றுக்கொண்டார். 2011 ஜூன் 27ஆம் திகதி, நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் உள்ள அதே கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு வீடியோ விளையாட்டுக்களுக்கும் உண்டு என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 

ஆயினும் ஈபேர்ட்டின் வினாவுக்குச் சரியான மறுமொழி நீதிமன்றத்திலிருந்து அல்ல, போலந்திலிருந்து வந்தது என்பேன். 2014 நவம்பரில் வார்சோவின் '11 பிட்' நிறுவனம் 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை அடியொற்றியது அது. இங்கே நீங்கள் போர்வீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய சாதாரண குடிமக்களைக் காப்பாற்றுவதே உங்கள் பணி. பகலில் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு அஞ்சி வெளியே போக முடியாது. இரவில் உணவும் மருந்தும் விறகும் தேடிப் போக வேண்டும். ஒரு வீட்டில் முதிய தம்பதியர் தனித்திருக்கின்றனர். அவர்களது உணவை எடுத்துவந்தால் உங்கள் வீட்டார் பசியாறலாம். ஆனால் எடுத்தவர் மனம் உடைந்துபோகிறார்.

துப்பாக்கி விளையாட்டுக்களின் விமர்சனங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, விளையாடுவது எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதாகும். இதற்கு முன்னால் அந்தக் கேள்வி செல்லுபடியாகாது. பதுங்கு குழிகளில் இரவுகளைக் கழித்த, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எமது மக்களிடம் இந்த விளையாட்டுக்கு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இதனை விளக்க எண் போதாது. சொல்தான் வேண்டும். 2020இல் போலந்து அரசாங்கம் இந்த விளையாட்டை உயர்நிலைப் பாடசாலை மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்க்கப் போவதாக அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

புதிய கட்டுப்பாடுகள்

அண்மைய ஆண்டுகளில் இழுபறியின் வடிவம் மாறியிருக்கிறது. 2020 டிசெம்பரில் வெளியான 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் கணினிப் பதிப்பு மட்டுமே விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் தாமே பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதியில்லை. பாராட்டுக்களை நம்பிப் பழைய பிளேஸ்டேஷன் கருவிகளுக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அடிக்கடி முடங்கிப்போன ஒன்று. சில நாட்களிலேயே சோனி நிறுவனம் அதனைத் தனது இணையக் கடையிலிருந்து அகற்றியது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டு நற்பெயர் பெற்றமை உண்மையே. ஆனால் முதல் நாளில் வாங்கியவருக்கு விமர்சனம் துணைநிற்க முடியாமற் போயிற்று.

சீனத்தின் தொன்மக் கதையைத் தழுவிய 'பிளக் மித்: வூகொங்' 2024 ஓகஸ்டில் வெளிவந்து மூன்றே நாட்களில் 10 மில்லியன் பிரதிகள் விற்பனையானது. வெளியீட்டுக்கு முன் பிரதி பெற்ற இணைய ஒளிபரப்பாளர்கள் சிலருக்கு, எவற்றைப் பேசக் கூடாது என்ற பட்டியலும் சேர்ந்தே வந்தது. பெண்ணியம், கொவிட்-19, சீனாவின் விளையாட்டுத் துறைக் கொள்கை என்பன அதில் அடங்கியிருந்தன. இதற்கு நேர்மாறானது 2025 செப்டெம்பரில் வெளியான 'ஹொலோ நைட்: சில்க்சோங்'. அதன் படைப்பாளர்கள் யாருக்குமே முன்கூட்டிப் பிரதி கொடுக்கவில்லை. விமர்சகரும் வாசகரும் ஒரே நாளில் விளையாடத் தொடங்கினர். சமத்துவம் நன்றே. ஆனால் முதல் நாளே வாங்க நினைத்தவருக்கு எச்சரிக்கை சொல்ல எவரும் இருக்கவில்லை.

எழுதுபவர்களின் நிலையும் பலவீனமடைந்து வருகிறது. 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபோமர்' சஞ்சிகை 2024 ஓகஸ்டில் திடீரென மூடப்பட்டது. அதன் இணையத்தளத்தில் எஞ்சியது ஒரு பிரியாவிடைக் குறிப்பு மட்டுமே. 2025 மார்ச்சில் புதிய உரிமையாளரின் கீழ் அது மீண்டமை ஆறுதல். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் வன்னியிலும் எமது பிள்ளைகள் இவற்றை விளையாடுகின்றனர். வாங்கித் தருபவர்கள் பெற்றோர். அவர்கள் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், இதனை எழுதியவர் யார், அவருக்குப் பிரதி கொடுத்தவர் யார், என்ன நிபந்தனையில் கொடுத்தார் என்ற மூன்றையும் கேட்பார்களாயின் நல்லது. பத்திரிகை வாசிப்பவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.