முள் சொல்லும் வேகம்

1896 ஜனவரி 28. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊர். வால்டர் ஆர்னால்ட் என்பவர் காரில் போகிறார். ஊருக்குள் மணிக்கு 2 மைலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இவர் 8 மைலில் போனார் என்று ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கு 1 ஷில்லிங் அபராதம். அது எட்டா, ஆறா? அந்தக் காலத்துக் கார்களில் வேகத்தைக் காட்ட பொதுவாக எதுவும் கிடையாது. போலீஸ்காரர் சொன்னதுதான் கணக்கு.

வேகமானியின் வரலாற்றை இந்த அபராதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. தேவை போலீஸிடமிருந்து வந்தது. விஞ்ஞானம் அதற்கு எழுபது வருஷம் முன்னாடியே வந்து காத்திருந்தது. 1824இல் பிரான்சின் அராகோ, செப்புத் தட்டைச் சுழற்றினால் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே திரும்புவதைக் கண்டார். தொடவே இல்லை, ஆனாலும் இழுக்கிறது! தட்டில் எழும் சுழல் மின்னோட்டம்தான் காரணம் என்பது ஃபாரடேயின் 1831 ஆய்வுகளுக்குப் பிறகே விளங்கியது.

ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் இதைத் திருப்பிப் போட்டுக் காப்புரிமை வாங்கினார். அவர் ஊர் ஸ்ட்ராஸ்பர்க், அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றி உலோகக் கிண்ணம் ஒன்று, தொடாமல். கிண்ணம் கூடவே சுற்றப் பார்க்கும், மெல்லிய ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கே முள். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது இதே சமாச்சாரம்தான்.

இது தெரிந்தால் கோளாறு கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. முள்ளும் ஓடல, கிலோமீட்டரும் ஏறலயா? இரண்டையும் சுற்றுவது ஒரே கேபிள், அது அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். கிலோமீட்டர் ஏறுது, முள் மட்டும் படுத்திருக்கா? கேபிளைத் தொடாதீங்க, கோளாறு மீட்டருக்குள்ளே. முள் ஆடினால் கேபிள் காய்ந்திருக்கும், எங்காவது மடங்கியிருக்கும். அதற்காக கிரீஸை அள்ளிப் பூசினால் அது மேலே ஏறி காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நாற்பதில் போனாலும் முள் நூற்றைத் தாண்டி நிற்கும். வருஷங்கள் போய்க் காந்தம் சக்தி இழந்தால் குறைத்துக் காட்டும், ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். டயர் தேய்ந்தாலும் கூடத்தான். சின்னச் சக்கரம் அதிகம் சுற்ற வேண்டியிருக்கிறதே.

இப்போதைய கார்களில் கேபிள் இல்லை, சென்சார். முள் சாகும்போது ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் சக்கரத்தின் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், கோளாறே இல்லாத மீட்டரும் கொஞ்சம் பொய் சொல்லும். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிப்படி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 80இல் போகும் வண்டி 92 காட்டினாலும் சட்டப்படி சரி. ஆர்னால்டுக்கு இப்படி ஒரு மீட்டர் கிடைத்திருந்தால் கோர்ட்டில் அவருக்கு எதிராகத்தான் பேசியிருக்கும்.

கிலோமீட்டர் எண்ணின் பொய் வேறு ரகம். பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றிவிட்டு மாசக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு, விற்கும்போது குறைவாகக் காட்டத்தான். அதனால்தான் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க வரும் மெக்கானிக் மீட்டரை விட்டுவிட்டு, குனிந்து பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தைத் தடவிப் பார்க்கிறார்.