மழைக்குப் பலியான கரும்பறவை

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஆலும் அத்தியும் பழுக்கும் காலத்தில் மரத்துக்கு மரம் பறந்து திரியும் இருவாயனைக் கண்டு பழகியவர்களுக்கு, அதே குலத்தில் பிறந்த ஒரு பட்சி பறப்பதைப் பெரும்பாலும் விட்டொழித்துப் புல்வெளியிலே நடந்தே ஜீவனம் செய்கிறது என்று சொன்னால், நம்புவது சற்றுக் கடினமாகவே இருக்கும். ஆப்பிரிக்காக் கண்டத்தில் இந்தத் தரை இருவாயன் இரண்டு இனங்களாக வாழ்கிறது. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை பரவியிருப்பது ஒன்று. கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பிரதேசம் வரை காணப்படுவது மற்றொன்று. முன்னதை 1790-ல் வெளியான தம் யாத்திரை நூலில் ஜேம்ஸ் புரூஸ் வருணித்தார். பின்னதற்கு 1825-ல் விகர்ஸ் என்பவர் சாஸ்திரப் பெயர் சூட்டினார். ஆனால் ஐரோப்பியரின் ஏடுகளில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நாட்டு மக்களின் வாழ்வில் இது இடம்பிடித்திருந்தது.

மூன்றடிக்குக் குறையாத நீளமும், சராசரியாக நான்கு கிலோ எடையும் கொண்ட இதன் மேனி முழுவதும் கன்னங்கறுப்பு. தென் இனத்துக்குக் கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் இறகற்ற வெறுந்தோல் செக்கச்செவேலென்று தொங்குகிறது. அவ்வினத்துப் பெண்ணுக்கு மட்டும் அந்தச் சிவப்பின் நடுவே ஒரு நீலத் திட்டு உண்டு. சிறகை விரிக்கும்போதுதான் அதுவரை ஒளிந்திருந்த வெள்ளை இறகுகள் பளிச்சிடுகின்றன. மேலிமையில் நீண்டு வளைந்து நிற்கும் மயிர்களைக் கண்டால், மை தீட்டி அரங்கேற நிற்கும் நாட்டியப் பெண்ணின் நினைவு வராமல் இராது. குடும்பம் குடும்பமாக, விரல் நுனிகளை ஊன்றி மெல்ல நடந்துகொண்டே வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று அகப்பட்டதையெல்லாம் பிடிக்கும் இப்பறவை, பிடித்ததை உடனே விழுங்கிவிடாமல் அலகிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றும் நழுவாதபடி அடுத்த இரையையும் கொத்தி எடுப்பது அதிசயிக்கத்தக்க சாமர்த்தியமே.

இது குடியிருக்க இரண்டு வசதிகள் சேர்ந்திருக்க வேண்டும்: இரை தேடி நடப்பதற்குக் குட்டையான புல் விரிந்த வெளி, முட்டையிடுவதற்குப் பெரும் பொந்துள்ள முதிர்ந்த மரம், அல்லது பாறைப் பிளவு. ஒரு குடும்பத்துக்குச் சில இடங்களில் நூறு சதுர கிலோமீட்டர் அளவுக்கு நிலம் தேவைப்படுகிறது. மற்ற இருவாயன்களைப்போல் இதன் பேடு பொந்தின் வாயைப் பூசி அடைத்துத் தன்னைச் சிறைப்படுத்திக்கொள்வதில்லை.

விடியற்காலையில் இவை எழுப்பும் கனத்த முழக்கம் பல கிலோமீட்டர் தூரம் கேட்கும். தொலைவிலிருந்து கேட்பவர் அதைச் சிங்கத்தின் கர்ஜனை என்று மயங்குவதும் உண்டு. இவை முட்டையிடும் பருவமும் மழைப் பருவமும் ஒன்றாகவே வருவதால், இடியை ஒத்த இந்தக் குரலுக்கும் மேகத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறதென்று மண்ணை நம்பி வாழ்ந்த ஜனங்கள் கருதியதில் வியப்பில்லை. தென்னாப்பிரிக்காவின் ஷோஸா மக்களிடையே விளங்கிய வழக்கம் இன்னும் விசித்திரமானது. சாதாரண நாளில் இதைக் கொல்வது தோஷம். கடும் பஞ்சம் வந்து ஆடுமாடுகள் மடியத் தொடங்கினாலோ, ஒரு பறவையைப் பிடித்துக் கல்லைக் கட்டி ஆற்றில் எறிந்துவிடுவார்கள். அதன் துர்நாற்றம் பொறுக்காமல் ஆறு நோயுறும் என்றும், அந்த அசுத்தத்தைக் கழுவிப் போக்க வானம் மழை பொழியும் என்றும் அவர்கள் நம்பினார்கள். கொடூரமான சடங்குதான், ஆயினும் அதன் உள்ளே ஒரு கட்டுப்பாடும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. என்றோ ஒருநாள் ஒன்றைப் பலியிட்டவர்கள் ஏனைய நாட்களில் மற்றவற்றைத் தீண்டாமல் விட்டார்கள்.

வடக்கே நைஜீரியாப் பக்கத்து ஹௌஸா வேட்டைக்காரர்கள் இதன் தலையையோ, அதுபோலச் செதுக்கிய மரத்தலையையோ நெற்றியில் கட்டிக்கொண்டு, குனிந்து, பறவை நடப்பதுபோல் நின்று நின்று முன்னேறி மான்களை நெருங்குவார்கள். புல்வெளியில் தினமும் பார்க்கும் உருவமாதலால் மான் மிரளாது.

குடியேறிய வெள்ளையர் வேலியிட்டுப் பண்ணை அமைத்த பிறகே தென் இனத்துக்கு மெய்யான ஆபத்து வந்தது. முதிர்ந்த மரங்கள் வீழ்ந்தன. நரிகளைக் கொல்ல விஷம் தோய்த்துப் போட்ட இறைச்சியைத் தின்று பறவைகள் குடும்பத்தோடு மாண்டன. பண்ணை வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் தன் பிம்பத்தைக் கண்டு, எல்லைக்குள் புகுந்த பகைவன் என்றெண்ணி அலகால் உடைத்த குற்றத்துக்காகப் பல பறவைகள் துப்பாக்கிக்கு இரையாயின. ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய இப்பறவைக் கூட்டம் ஒன்று, சராசரியாக ஒன்பது ஆண்டுக்கு ஒரு குஞ்சையே வளர்த்து ஆளாக்குகிறது என்பதை நினைத்தால் இந்த நஷ்டத்தின் அளவு விளங்கும். ஆற்றுச் சடங்கு இந்தக் குலத்தை அழிக்கவில்லை. விஷமும் தோட்டாவுமே அழித்தன என்பது என் முடிபு.

இடும் இரண்டு முட்டைகளில் பிந்திப் பொரிக்கும் குஞ்சு பெரும்பாலும் பட்டினியால் இறந்துவிடுவது இயற்கை. அந்தக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்த்து மறுபடியும் புல்வெளியில் விடும் பணியை, 1999-ல் தென்னாப்பிரிக்காவின் மபுலாவில் தொடங்கிய திட்டம் இன்றும் நடத்திவருகிறது.