நில அதிர்வுப் பதிவுகளை வடிகட்டுதல்: கொடைக்கானல் முதல் கௌரிபிதனூர் வரை

பதிவான அதிர்வு அலையிலிருந்து வேண்டாத அதிர்வெண்களை நீக்குவது வடிகட்டல் எனப்படும். நீண்ட பதிவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதன் இரு ஓரங்களையும் படிப்படியாகத் தணிப்பது சாளரமிடல். மென்பொருளில் இன்று இரண்டும் சில நொடி வேலைதான். தென்னிந்தியாவில் இவற்றின் முன்கதை ஓர் ஊசலிலும் ஒளிப்படத் தாளிலும் தொடங்குகிறது.

1899-இல் கொடைக்கானல் வான்காணகத்தில் ஜான் மில்னே வடிவமைத்த நிலநடுக்கப் பதிவி இயங்கத் தொடங்கியது. கிடைமட்ட ஊசலின் அசைவை ஓர் ஒளிப்புள்ளி மெல்ல நகரும் தாளில் கோடாக வரையும். இவ்வகைக் கருவியில் தணிப்பான் இல்லை. தரை ஓய்ந்த பின்னும் ஊசல் தன் இயல்பான அலைவுக்காலத்தில் ஆடிக்கொண்டேயிருக்கும். கருவியே ஒரு வடிகட்டியாக இருந்தது. தாளில் விழுந்த கோட்டை மீண்டும் வேறு விதமாக வடிகட்ட வழியில்லை.

1963-ஆம் ஆண்டின் பகுதித் தடை உடன்படிக்கை வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் அணுகுண்டுச் சோதனையைத் தடுத்தது. நிலத்தடிச் சோதனையை விட்டுவைத்தது. எனவே வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிவது அரசுகளின் கவலையாயிற்று. 1965-இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், பிரித்தானிய அணுசக்தி ஆணையத்தின் ஒத்துழைப்புடன், இந்திய அணுசக்தித் துறை 20 அதிர்வுணரிகளை 'எல்' வடிவில் நிறுவியது. 20 பதிவுகளையும் அலை வந்துசேரும் நேர வேறுபாட்டைச் சரிசெய்து கூட்டினால், தற்செயல் இரைச்சலை விடச் சைகை ஏறத்தாழ நாலரை மடங்கு மேலெழும். பதிவு காந்த நாடாவில் இருந்ததால் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டி, வெவ்வேறு வடிகட்டிகளில் செலுத்திப் பார்க்க முடிந்தது. பெரிய மாற்றம் இதுவே.

அதே 1965-இல் கூலி, டூக்கி இருவரும் விரைவு ஃபூரியே மாற்றத்தை வெளியிட்டனர். அதற்கான தூண்டுதல்களுள் நிலத்தடிச் சோதனைகளைக் கண்டறியும் தேவையும் ஒன்று. இக்கணக்கு, வெட்டிய துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்கிறது. துண்டின் தொடக்கமும் முடிவும் பொருந்தாவிட்டால் இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும். அதைக் குறைக்கவே ஹான், ஹாமிங் சாளரங்கள். முன்னதன் பெயருக்குரிய யூலியுஸ் ஃபொன் ஹான் ஒரு வானிலையியலாளர் என்பது சுவையான செய்தி.

வடிகட்டலுக்கு விலையும் உண்டு. வெடிப்பு எல்லாத் திசையிலும் தரையை வெளிநோக்கித் தள்ளும். நிலநடுக்கம் சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். ஆகவே முதல் அசைவு மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பது முக்கியச் சான்று. காலப் பிறழ்வைத் தவிர்க்க வடிகட்டியை முன்னும் பின்னுமாக இருமுறை செலுத்தினால், அலை வருமுன்பே பொய்ச் சிற்றலைகள் தோன்றி அந்தச் சான்றைக் குலைக்கும். ஆகையால் மூலப் பதிவு தொடப்படாமல் வைக்கப்படுகிறது. வடிகட்டல் படியில்தான் நடக்கிறது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் இயந்திரங்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது 25 ஹெர்ட்ஸ். 1470 சுற்று 24.5 ஹெர்ட்ஸ். ஒரு நொடி நீள ஹான் சாளரத்தில் இவ்விரண்டும் ஒரே மேடாகத் தெரியும். 10 நொடிப் பதிவில் பிரிந்து நிற்கும்.