பவர் கண்டிஷனர் (வீட்டு ஒலி அமைப்பு)

பவர் கண்டிஷனர் என்பது சுவர் பிளக்குக்கும் ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர் போன்ற ஒலிக்கருவிகளுக்கும் நடுவே மாட்டப்படும் மின்சாதனம். இந்த ஒரே பெயரில் வெவ்வேறு வேலை செய்யும் பெட்டிகள் விற்பனையாகின்றன. மலிவானவற்றில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தை உள்வாங்கும் வேரிஸ்டரும் சிறிய வடிகட்டியும் மட்டுமே இருக்கும். விலை கூடிய சிலவற்றில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. பிஎஸ் ஆடியோவின் ‘பவர் பிளான்ட்’ போன்ற ரீஜெனரேட்டர்கள், வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றி, அதிலிருந்து சைன் அலையைப் புதிதாக உருவாக்குகின்றன.

இவற்றால் இசை தெளிவாகும் என்பது விளம்பரங்களின் வாதம். ஆனால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் அப்படியே பாய்வதில்லை. வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது, டயோடுகள் ஒருதிசைப்படுத்துகின்றன, மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்தைப் பெரிய கபாசிட்டர்கள் தணிக்கின்றன. மின்சாரம் ஒழுங்காக வரும் வீட்டில், நன்கு வடிவமைத்த ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இன்னொரு வடிகட்டியை வைப்பதால் ஒலி மேம்பட வழியில்லை. திறன் குறைந்த பெட்டியானால், உரத்த இசையின்போது ஆம்ப்ளிஃபயர் சட்டென இழுக்கும் மின்னோட்டத்துக்கு அதுவே தடையாகலாம்.

இரைச்சல் இருக்கும் வீட்டின் கதை வேறு. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரின் குமிழைப் பாதியில் வைத்ததும் ஸ்பீக்கரில் ‘ஜ்ஜ்’ என்று கேட்டு, முழு வேகத்தில் அடங்கினால், குற்றவாளி அதிலுள்ள டிரையாக். கண்டிஷனரின் வடிகட்டி இதைக் குறைக்கக்கூடும்; ஆனால் கபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் வேரிலேயே தீரும், செலவும் குறைவு. கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் ‘ஹம்’ நின்றால் அது எர்த் லூப். இதைச் சாதாரண கண்டிஷனர் சரிசெய்யாது. கேபிளில் ஐசொலேட்டர் போட வேண்டும். ஹம்மை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவோர் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் கூடாது. ஸ்பீக்கரில் சத்தமில்லாமல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உறுமினால், பெரும்பாலும் மின்வழங்கலில் கலந்த சிறு நேர்மின்னழுத்தம் (டிசி) டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரைத் திணறடிக்கிறது. அதற்கு டிசி பிளாக்கர் போதும்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டருக்கு மாறும் வீடுகளில் ஹம் கூடினால், அது சதுர அலை இன்வெர்ட்டரா என்று பார்க்க வேண்டும். சின்ன வடிகட்டி அந்த அலையைச் சைனாக்காது. சைன் வேவ் இன்வெர்ட்டரே தீர்வு.

கண்டிஷனரின் உண்மையான பயன் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. வோல்டேஜ் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்துக்கு ஸ்டெபிலைசர்தான் பொருத்தம். மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் ஒரு முனையில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கலாம். நீடிக்கும் அந்த உயரழுத்தத்தில் வேரிஸ்டர் எரிந்துபோகும். இணைப்பையே துண்டிக்கும் ரிலே உள்ள பெட்டிதான் அப்போது கருவியைக் காக்கும். இடி மின்னல் வரும் முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றி வைக்க வேண்டும். நேரடியாக விழும் மின்னலை எந்தக் கண்டிஷனரும் தாங்காது.