காசோலையில் விட்ட இடம்

காசோலை என்பது கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு எழுத்தில் இடும் உத்தரவு ஆகும். 'இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு' என்பதே அதன் சாரம். கையெழுத்துப் போட்ட பிறகு வேறொருவர் தொகையைக் கூட்டிவிட்டால் நஷ்டம் யாருக்கு? வங்கிக்கா, கையெழுத்திட்டவருக்கா? இதற்கு உறுதியான விடை காண இங்கிலாந்துக்கு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

1827-ல் லண்டனில் ஒரு வழக்கு வந்தது. யங் என்ற வியாபாரி வெளியூர் போகும்போது, தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்திட்டு மனைவியிடம் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்றை 50 பவுண்டு சொச்சத்துக்கு நிரப்பிய குமாஸ்தா, 'ஐம்பது' என்ற சொல்லுக்கு முன்னால் இடம் விட்டு எழுதினார். மனைவி பார்த்துச் சம்மதித்த பிறகு அங்கே 'முந்நூறு' என்பதைச் சேர்த்தார். எண்ணுக்கு முன் ஒரு 3. வங்கி 350 பவுண்டு சொச்சம் கொடுத்தது. நஷ்டம் யங்குக்கே என்று தீர்ப்பானது.

ஆனால் 1906-ல், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இதுபோன்ற வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் நேர்மாறாகச் சொன்னது. இடம் விட்டு எழுதியது மட்டுமே வாடிக்கையாளரின் குற்றமாகாது என்றது.

குழப்பத்தைத் தீர்த்தது 1918-ஆம் ஆண்டு வழக்கு. மக்மிலன் அண்ட் ஆர்தர் நிறுவனத்தின் குமாஸ்தா, சில்லறைச் செலவுக்கு 2 பவுண்டு வேண்டும் என்று ஒரு காசோலையை நீட்டினார். அவசரத்தில் இருந்த பங்குதாரர் கையெழுத்திட்டார். எழுத்தால் எழுதும் இடம் காலி. எண் 2-க்கு இருபுறமும் இடைவெளி. குமாஸ்தா முன்னால் 1, பின்னால் 0 சேர்க்க, 2 பவுண்டு 120 ஆனது! காசோலையைக் கவனமாக எழுதுவது வாடிக்கையாளரின் கடமை, எனவே நஷ்டம் நிறுவனத்துக்கே என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இந்தியாவின் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். ஆகவே எழுத்து வரியைக் காலியாக விட்டுக் கையெழுத்திடுவதுதான் பெரிய ஆபத்து. தொகையை இடது ஓரத்திலிருந்தே தொடங்கி, 'மட்டும்' என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுக்க வேண்டும். எண்ணை 'ரூ.' என்பதோடு ஒட்டி எழுதி, கடைசியில் '/-' போட வேண்டும். கையெழுத்து எல்லாவற்றுக்கும் பிறகுதான்.