‘மில்’ என்னும் சொல்

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ‘அவர் மில்லுக்குப் போயிருக்கிறார்’ என்று சொன்னால், மாவு அரைக்கவா, வேலைக்கா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மாவு மில், அரிசி மில், எண்ணெய் மில், நூல் மில், காகித மில் என அனைத்துக்கும் ஒரே சொல். நூல் மில்லில் எதுவும் அரைபடுவதில்லையே. அதற்கு இப்பெயர் எப்படி வந்தது?

அரைக்கும் கல்லைக் குறிக்கும் ‘மோலா’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். மருத்துவர் நம் கடைவாய்ப் பல்லை ‘மோலார்’ என்பதும் அதனால்தான். ஐரோப்பாவில் ஓடும் நீரைக்கொண்டு சக்கரம் சுழற்றித் தானியம் அரைத்தனர். 1771இல் ஆர்க்ரைட் என்பவர் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் அதே நீர்ச்சக்கரத்தால் பஞ்சு நூற்கும் கூடத்தைத் தொடங்கினார். கல் போயிற்று; சக்கரம் நின்றது; பெயரும் நிலைத்தது.

தமிழும் இவ்வழியே நடந்திருப்பது வியப்புக்குரியது. ‘ஆலை’ என்பது முற்காலத்தில் கரும்பு பிழியும் பொறியையே குறித்தது. பஞ்சு வந்தபோது அதுவே பஞ்சாலை ஆயிற்று. கரும்பு பிழிந்த சக்கையிலிருந்து புகளூரில் காகிதம் செய்யப்படுவதைக் காணும்போது, பழைய ஆலையும் புதிய மில்லும் கைகோத்து நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கோவையில் இராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் நூற்பாலை நிறுவினார். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. குரோம்ஃபோர்டில் சக்கரத்தைச் சுழற்றிய நீர், இங்கே கம்பி வழியே வந்து கதிர்களைச் சுழற்றியது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. மில் சங்கின் ஒலியே ஊருக்குக் கடிகாரமாயிற்று.

ஆயினும் அரைக்கும் கல்லுக்கு இரு முகங்கள் உண்டு என்பதை விவிலியம் நமக்குக் காட்டுகிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது, அது ஒருவரின் உயிரையே அடகு வாங்குவதாகும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை (24:6). இங்கே கல் என்பது உணவு, உயிர். நீதித் தலைவர்கள் நூலிலோ, கண் பிடுங்கப்பட்ட சிம்சோன் காசா நகரச் சிறையில் மாவு அரைக்கிறார். அங்கே கல் அடிமைத்தனம்.

நம் மில்களும் இவ்விரு முகங்களையும் கண்டவை. கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வரை இப்பகுதி மறக்கவில்லை. பின்னாளில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் திரிகைக் கல் பறிபோயிற்று. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை விடுதிகளில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஆலைகளும் இருந்தன. உடல் தளர்ந்து இடையில் நின்றவர் பலர் அத்தொகையை இழந்தனர். அவர்களைப் பொறுத்தவரை, கல்லில் அரைபட்டது அவர்களது இளமையே.

ஸ்டேன்ஸ் ஆலை தோன்றி மூன்றாண்டுகளுக்குப் பின், 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பவர் விலைப்பொருள் அல்லர், அவருக்கு வாழ்வதற்கேற்ற கூலியும் ஓய்வும் உரியவை என்பதே அதன் சாரம்.

இன்று ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நம் ஊர் ஆலைகளில் இரவு முறை பார்க்கின்றனர். ஞாயிறன்று நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அவர்களுள் சிலர் அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். ‘எங்கே வேலை?’ என்று கேட்டால், மொழி தெரியாத அவர்களும் ‘மில்’ என்றே விடை சொல்கின்றனர். அந்த ஒரு சொல்லில் அவர்கள் உணவு இருக்கிறதா, சிறை இருக்கிறதா என்று அடுத்த கேள்வியையும் கேட்பது நம் கடமையன்றோ?