மலையில் மழை, கீழே வெள்ளம்: ஜொகூர் மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஒரு புயல் ஏறியது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் அது கரை கடந்தது. அதன் பெயர் வாமெய். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் உருவான புயல் அதற்கு முன் பதிவானதில்லை. ஜொகூருக்குப் புயல் வராது என்று பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால், அன்று உயிரிழப்புக்குக் காரணமானது காற்றின் வேகம் அல்ல. கூலாய், பொந்தியான் வட்டாரங்களுக்கு இடையே நிற்கும் குனோங் பூலாய் மலையில் மண் சரிந்தது. பாறையும் மரங்களும் சேறும் ஒன்றாகக் கலந்து ஆற்று வழியாக இறங்கின. மலையடிவாரத்தில் ஆற்றோரம் இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஐவர் மாண்டனர். அந்த மலையின் உயரம் 654 மீட்டர்தான்.

ஜொகூரில் மழைக்கால ஆபத்து பெரும்பாலும் மலையில்தான் தொடங்குகிறது. மலையில் அது சில நிமிடங்களில் வந்து போகிறது. பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் அது சில மணி நேரமோ சில நாளோ கழித்து வந்து சேர்கிறது. இந்த இடைவெளியைப் புரிந்து கொண்டவர்களுக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

மார்கழியில் ஏன் இவ்வளவு மழை?

தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். மார்கழி பிறந்தால் அங்கே பனி. ஜொகூரில் கணக்கு வேறு. இங்கே மார்கழியும் தையும்தான் கனமழைக் காலம். இரண்டு இடங்களுக்கும் மழையைக் கொண்டு வருவது அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். மலேசியாவில் அது நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும்.

இந்தக் காலத்தில் சைபீரியாவிலும் சீனாவிலும் கடுங்குளிர். அங்கே தேங்கும் குளிர்ந்த கனமான காற்று அவ்வப்போது உடைத்துக்கொண்டு தென்சீனக் கடல் வழியாகத் தெற்கே பாயும். வரும் வழியில் வெதுவெதுப்பான கடலின் ஈரத்தை அள்ளிக் கொள்ளும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 'லுருவான் மொன்சூன்' என்று சொல்வது இதைத்தான். அந்த ஈரக் காற்று மெர்சிங் கரையைத் தாண்டியதும் மலைகளில் மோதி மேலே எழும்பும், குளிரும், கொட்டித் தீர்க்கும். ஒரு முறை தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்வது இதனால்தான்.

வாமெய் புயலும் இப்படிப்பட்ட ஒரு பாய்ச்சலில் உருவானதுதான். புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி துணை செய்ய வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் அந்தத் துணை மிகக் குறைவு. ஆனால் 2001 டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த பலத்த காற்று குறுகிய கடற்பரப்பில் பல நாள் நீடித்தது. போர்னியோ பக்கம் இருந்த ஒரு காற்றுச் சுழல் அதே நேரத்தில் கடலின் நடுவே நகர்ந்து வந்தது. இரண்டும் சேர்ந்து புயலாக இறுகின. கடலில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அளந்த காற்றின் வேகத்தை வைத்து அமெரிக்க மையம் இதைத் 'தைபூன்' என்றே வகைப்படுத்தியது. ஜப்பானிய வானிலை நிறுவனம் வெப்பமண்டலப் புயல் என்று பதிவு செய்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு முறைதான் இப்படி நிகழலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 'வாமெய்' மக்காவ் கொடுத்த பெயர். ஒரு பாடும் பறவையைக் குறிக்கும். அந்தப் பெயர் பின்னர் புயல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

புயல் அரிது. ஆனால் அந்தப் புயலைப் பெற்றெடுத்த பருவக்காற்றுப் பாய்ச்சல் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மலையிலிருந்து தண்ணீர் இறங்கப் புயல் தேவையில்லை; அந்த மழையே போதும்.

ஜொகூரின் மலைகளும் ஆறுகளும்

ஜொகூரில் உயரமான மலை தங்காக் மாவட்டத்தில் உள்ள குனோங் லேடாங், 1,276 மீட்டர். இது ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ள பூங்கா. சாகில் பக்கம் உள்ள அதன் நீர்வீழ்ச்சிக்கு விடுமுறை நாள்களில் மூவார், சிகாமட், மலாக்கா வட்டாரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போவார்கள்.

வடக்கே பகாங் எல்லையில் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. கஹாங்கிலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே போனால் ஜக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா. பெக்கோக் பக்கமிருந்து போனால் செலாய் நுழைவாயில். இந்தக் காட்டின் தண்ணீர் எண்டாவ் ஆற்றில் சேர்ந்து கிழக்கே கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் காட்டுப் பாதை நீரில் மூழ்குவதால் பெத்தா பகுதியைப் பயணிகளுக்கு மூடி வைப்பது வழக்கம்.

குளுவாங் அருகே உள்ள குனோங் பெலுமுட் 1,010 மீட்டர். அந்தப் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஜொகூர் ஆறு கோத்தா திங்கி பட்டணத்தின் நடுவே போகிறது. சிகாமட் ஆறு சிகாமட் பட்டணத்தைத் தாண்டி மூவார் ஆற்றில் கலக்கிறது. மூவார் ஆறு நெகிரி செம்பிலானிலிருந்தே தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. அதனால்தான் சிகாமட்டிலும் மூவாரிலும் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறுவதைப் பார்க்க முடிகிறது.

மலையில்: சில நிமிடங்கள்

மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். மேலே உச்சியில் பெய்த மழை, ஓடையில் சுவர் போல் எழுந்து இறங்கி வருவது. சில சமயம் மேலே மண் சரிந்து மரங்கள் ஓடையை அடைத்துக் கொள்ளும். அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். அடைப்பு உடைந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் கீழே வரும். குளித்துக்கொண்டிருப்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது.

பேராக் கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தில் 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி இப்படித்தான் சேறும் மரங்களும் இறங்கின. 44 பேர் பலியாயினர். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சபாவைத் தாக்கிய கிரெக் புயலின்போது கெனிங்காவ் வட்டாரத்தில் மலை வெள்ளம் இறங்கியது. சபாவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டில் பழைய குற்றால அருவியில் 2024 மே 17ஆம் தேதி திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். ஊர்கள் வேறு, மாதங்கள் வேறு. வந்த விதம் ஒன்று.

நீர்வீழ்ச்சியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிப் பழுப்பாகும். இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். மேலிருந்து லாரி வருவது போல் இரைச்சல் கேட்கும். தண்ணீர் மட்டம் காரணமில்லாமல் உயரும். சில வேளைகளில் மட்டம் சட்டென்று குறையும். மேலே அடைத்துக் கொண்டது என்று அதற்குப் பொருள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த நொடியே வெளியேற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் மனிதனை விட வேகமாக ஓடும். பக்கவாட்டில் கரையேறி மேடான இடத்துக்குப் போக வேண்டும். செருப்பு, கைப்பேசி, சமையல் பாத்திரம் எதற்கும் திரும்பக் கூடாது. ஆற்றின் நடுவே உள்ள பாறையிலும் மணல் திட்டிலும் பாய் விரிக்கவோ கூடாரம் போடவோ கூடாது. எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் கடக்க முயலாமல், மேட்டில் இருந்தபடியே மீட்புப் படையினருக்குக் காத்திருக்க வேண்டும்.

கீழே: சில நாள்கள், சில வாரங்கள்

2006 டிசம்பர் 19ஆம் தேதி வாக்கில் ஜொகூரில் தொடங்கிய வெள்ளம் சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங், மூவார், பத்து பகாட் என்று பல மாவட்டங்களை முழுக்கடித்தது. தண்ணீர் வடிந்ததும் மக்கள் வீடு திரும்பினார்கள். சேற்றை அள்ளினார்கள். சிலர் புதுச் சாமான்கூட வாங்கிப் போட்டார்கள். 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது. கோத்தா திங்கியில் அது முதல் வெள்ளத்தை விட உயரமாக ஏறியது. உச்சக்கட்டத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். முதல் மழையில் மண் நிரம்பக் குடித்துவிட்டது. இரண்டாம் மழைக்கு அதில் இடமில்லை. கடலில் நீர் ஏறும் நேரத்தில் ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் பட்டணத்திலேயே நின்றது.

2011 ஜனவரி 30ஆம் தேதி லாபிஸ் வட்டாரத்தில் தெனாங் சட்டமன்ற இடைத்தேர்தல். வாக்களிப்பு நாளன்றே வெள்ளம் வந்து, வாக்காளர்கள் பலர் சாவடிக்குப் போக முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

2023இல் தைப்பூசம் முடிந்து, இனி மழை ஓய்ந்தது என்று நினைத்திருந்த வேளையில், மார்ச் மாதத் தொடக்கத்தில் மறுபடியும் கொட்டியது. 40,000க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களுக்குப் போனார்கள். பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்களில் நிலம் தாழ்வு, மண் சதுப்பு. மேலேயிருந்து வந்த தண்ணீர் அங்கே வாரக்கணக்கில் நின்றது. மழை விட்ட பிறகும் மையங்களில் மக்கள் இருந்ததற்கு இதுதான் காரணம்.

எச்சரிக்கைகளை எப்படிப் படிப்பது?

மலேசிய வானிலை இலாகா தொடர்மழைக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. 'வஸ்பாடா' மஞ்சள் நிறம். விழிப்பாக இருக்க வேண்டும். 'புரோக்' ஆரஞ்சு, நிலைமை மோசமாகிறது. 'பஹாயா' சிவப்பு; ஆபத்து. 'மைசுவாச்சா' செயலியில் இவற்றைப் பார்க்கலாம். சொந்த மாவட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. கோத்தா திங்கியில் இருப்பவர் குளுவாங்கையும், மூவாரில் இருப்பவர் சிகாமட்டையும் நெகிரி செம்பிலானையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகா அளக்கிறது. அதன் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் ஒவ்வொரு நிலையத்தின் மழை அளவும் நீர்மட்டமும் தெரியும். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள நிலையம் 'பஹாயா' நிலையைத் தொட்டுவிட்டால், கீழே இருப்பவர்கள் வாசலில் தண்ணீர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்டங்களில் கவனிக்க வேண்டியவை

பழைய தோட்டங்களில் லயங்கள் ஆற்றோரமாகவும் பள்ளத்திலும் அமைந்திருப்பது உண்டு. வெளியே போக ஒரே மண் சாலை, ஒரே சிறு பாலம். அந்தப் பாலம் மூழ்கிவிட்டால் மருத்துவமனைக்குப் போகக்கூட வழியில்லை. எனவே கர்ப்பிணிகள், முதியோர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வருவோர் ஆகியோரை முதலில், பகலிலேயே வெளியேற்ற வேண்டும். மூழ்கிய பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். முழங்காலளவு ஓடும் நீர் ஓர் ஆளைச் சாய்த்துவிடும்.

நம் சமூகத்தில் பத்திரங்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டைக்கும் பள்ளிக்கும் அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம், ஈபிஎஃப், சொக்சோ தாள்கள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் கட்டி, நவம்பரிலேயே எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வைப்பது இன்னும் நல்லது.

துயர் துடைப்பு மையத்துக்குப் போனால் குடும்பத்தலைவர் பெயரைப் பதிய மறக்கக் கூடாது. அண்மைய ஆண்டுகளில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 1,000 ரிங்கிட் உதவித்தொகை இந்தப் பதிவை வைத்தே கணக்கிடப்பட்டது. உறவினர் வீட்டில் தங்கியவர்கள் கிராமத் தலைவரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ விவரம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளம் வடிந்து வீடு கழுவும்போது காலணியும் கையுறையும் அவசியம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு புண் வழியாக உடலுக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். கழுவி முடித்த சில நாள்களில், அல்லது ஒரு மாதத்துக்குள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கிளினிக்கில் 'வெள்ளத் தண்ணீரில் நின்றேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஆண்டிறுதி விடுமுறையில் மலைக்கோ நீர்வீழ்ச்சிக்கோ போகத் திட்டமிடுவோர், புறப்படுமுன் பூங்கா அலுவலகத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்பது நல்லது. குனோங் லேடாங் உச்சிக்கு ஏறுவோர் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். பூங்கா மூடப்பட்டிருக்கும் என்றால் பின்வழியாக நுழையக் கூடாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது பதிவேட்டில் இல்லாவிட்டால், தேட வேண்டும் என்றுகூட எவருக்கும் தெரியாது.

அவசர உதவிக்கு 999. தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை, போலீஸ், மருத்துவ வண்டி எல்லாவற்றுக்கும் இதே எண். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு, டிவிஷனையும் அருகிலுள்ள பட்டணத்தையும் பெரிய சாலையையும் சேர்த்துச் சொன்னால் படகு சரியான இடத்துக்கு வந்து சேரும்.